பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள்

செய்தி எனக்குத் தனசேகரன் மூலமாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஷிப்டுக்குப் போகத் திருவள்ளூரில் கம்பெனிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். "மூர்த்தி, மேரியம்மா போய்ட்டாங்கடா. விடியக்காலையில. அவங்க ஊட்டுக்காரரு இப்பதான் போன் பண்ணாரு. நீ தாமரப்பாக்கத்துல எறங்கிடு. நான் வண்டிய எடுத்துக்கினு வந்து நிக்கிறேன், ரெண்டு பேரும் ஒண்ணா போயிடலாம்" என்றான். சரி என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். ஒரு வருடமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாமரைப்பாக்கம் வரும்வரை ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு நான்கு வருடம் ஒரு வார்த்தை பேசாதவன் தனசேகரன். என் முகத்தில் விழிக்கக் கூடாது என்று பேருந்தில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன். அப்படிப்பட்டவன் இந்தச் சாவுச் செய்தியை முதலில் எனக்குத்தான் சொன்னான் என்றால், அது மேரியம்மா என்று நாங்கள் கூப்பிடும் செல்வமேரி செய்துவிட்டுப் போன வேலை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அந்தப் பேருந்தில் வந்தவர்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

செல்வமேரி எங்களுக்கு மேலதிகாரி இல்லை, வாத்தியாரும் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்தவர். என்னைவிட மூன்று வயது சின்னவர். கான்வென்ட் விடுதியில் தங்கி பிளஸ் டூ வரை படித்தவர் என்பதால் இங்கிலீஷ் பழக்கம் இருந்தது. பெரியபாளையத்தில் பேருந்து ஏறுவார். ஏறும்போதே யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு பார்வை பார்ப்பார். பிடிவாதக்காரர். தன் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாராவது நோட்டை எட்டிப் பார்த்தால் பக்கத்தை நன்றாக விரித்துக் காட்டுவார்.

பேருந்தில் அவர் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கியதற்கு ஒரு வெளிநாட்டுக்காரர் காரணம். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தவர். பேக்கிங் பிரிவில் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதற்குள் ஒரு பாகம் குறைந்தது. இதைச் சரிபார்த்தது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். கேள்வி எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் புரியாத மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்வமேரி முன்னால் வந்து, "ஐ செக்ட் இட் மைசெல்ஃப், சார்" என்றார். அன்று மாலை மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் பேருந்தில், எப்படி உனக்கு அவ்வளவு தைரியம் வந்தது என்று பெண்கள் கேட்டார்கள். "தைரியம் இன்னாத்துக்கு? மொத்தமே நாலஞ்சு வார்த்த. உங்களுக்கும் சொல்லித் தரட்டா?" என்று கேட்டிருக்கிறார். அப்படித் தொடங்கியது.

முதல் எதிர்ப்பு டிரைவரிடமிருந்து வந்தது. பாட்டுப் போடாமல் அவருக்கு ஸ்டியரிங் சுற்றாது. இரண்டு நாள் செல்வமேரியும் ரேடியோவும் போட்டி போட்டுக் கத்தியதில் பேருந்தே பேஜாராகிவிட்டது. பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வரை பாட்டு, பெரியபாளையத்திலிருந்து கவரைப்பேட்டை வரை இங்கிலீஷ், அதற்குப் பிறகு மறுபடி பாட்டு. ஆடி மாதத்தில் பெரியபாளையம் கோயில் கூட்டத்தில் பேருந்து ஊர்ந்தால் வகுப்பு நீளும். அந்த நாட்களில் டிரைவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "மைசெல்ஃப் மூர்த்தி", "மைசெல்ஃப் குமார்" என்றுதான் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். அதுதான் மரியாதை என்று நாங்கள் நினைத்திருந்தோம். நானும் முதல் நாள் எழுந்து நின்று, "மைசெல்ஃப் மூர்த்தி, பிரஸ் ஷாப் லைன் லீடர்" என்று கம்பீரமாகச் சொன்னேன். செல்வமேரி கையை ஆட்டினார்.

"ஐ ஆம் மூர்த்தின்னு சொன்னா போதும்ணா. மைசெல்ஃப இன்னாத்துக்கு சும்மா வாசல்ல நிக்க வெக்கிறீங்க? ஒரு வேலைய நீங்களே செஞ்சீங்கன்னா, அப்ப அவரக் கூப்புடுங்க. வருவாரு."

பேருந்து சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். லைன் லீடரை இப்படிப் பேசலாமா என்று உள்ளுக்குள் எரிச்சல்தான்.

அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே யாரும் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பதை அவரே துண்டுத் தாளில் பெயர் எழுதி முடிவு செய்வார். "தன்னப் பத்தி பேசுறவன் மனப்பாடம் பண்ணிக்கினு வந்துடுவான். அடுத்தவனப் பத்தி பேசணும்னா அவன் கிட்ட கேக்கணும் இல்ல?" என்பது அவர் கணக்கு. பல வருடம் ஒரே பேருந்தில் வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் ஊர் பெயர் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு எத்தனை தங்கை என்று திருவாலங்காட்டுக்காரர் ஒருவர் இங்கிலீஷில் சொன்னார். எங்களுக்கு அது புதுமையாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை என் பக்கத்தில் தனசேகரன் பெயரைப் போட்டார். பேருந்தில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று சொல்ல வேண்டும்.

தனசேகரனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் லைன் லீடர் ஆனேன், அவன் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் மிஷினில் இருந்தான். பிரஸ் மிஷினுக்கு முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்க ஓர் இரும்பு வலைக் கதவு இருக்கும். அதை கார்டு என்போம். அன்று புது அச்சு மாட்டிய பிறகு கார்டு சரியாக மூடவில்லை, மிஷின் நின்று நின்று ஓடியது. அன்றைய எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஸ்பேனர் எடுத்து கார்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மதியச் சாப்பாடு வரைக்கும் இப்படியே ஓட்டு என்று தனசேகரனிடம் சொன்னேன். "வேணாண்டா, பயமாக் கீது" என்றான். "ஒண்ணும் ஆவாது, ஓட்டு" என்றேன். பதினோரு மணிக்கு அவன் இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

விபத்து அறிக்கையை இங்கிலீஷில் எழுதினார்கள். கார்டை ஆபரேட்டரே கழற்றினார் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து இருந்தது. அதன் பேரில் தனசேகரனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, மிஷினிலிருந்து எடுத்துக் கழிவு இரும்பு பிரிக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். வேலை நிரந்தரம் ஆவதும் தள்ளிப்போனது. கையில் கட்டோடு என்னிடம் வந்து, ஏன்டா கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டான். "இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தாங்க. எனக்கு இன்னா தெரியும்? போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனான். அதோடு பேச்சு நின்றது.

அந்த நான்கு வருடமும் கேட்டவர்களுக்கெல்லாம் இதே பதிலைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

ஜோடி போட்ட அன்று தனசேகரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் முறை வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நுனியில்லாத இரண்டு விரல்களும் என் முகத்துக்கு நேராக இருந்தன. "திஸ் ஈஸ் மூர்த்தி. ஐ டோன்ட் நோ ஹிம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். சிலர் சிரித்தார்கள், விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. என் முறை வந்தது. எனக்கு அவனைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அவன் ஊர், மனைவி பெயர், இரண்டு பெண் குழந்தைகள், கருவாட்டுக் குழம்பு இருந்தால் இரண்டு டிபன் பாக்ஸ் காலி செய்வான் என்பது வரை எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வமேரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த வாரம் 'ஈச் அதர்' பாடம். ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் ஏதாவது ஒன்றை ஒவ்வொரு ஜோடியும் சொல்ல வேண்டும். உதவிக்கொள்கிறோம், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறோம் என்றெல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள். தனசேகரன், "வீ டோன்ட் டாக் ஈச் அதர்" என்றான். நடுவில் ஒரு 'டு' விட்டுப்போனதை மட்டும் திருத்திவிட்டு, செல்வமேரி அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது எங்களிடம், "இங்கிலீஷ்ல தப்பு ஒண்ணுதான் இருந்துச்சு, அத நான் திருத்திட்டேன். மத்தது உங்க ரெண்டு பேரு பாடு" என்றார். தனசேகரன் விறுவிறுவென்று நடந்துவிட்டான்.

ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் தனசேகரன் வேலைக்கு வரவில்லை. செல்வமேரி அவன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு ஏதோ எழுதக் கொடுத்துவிட்டு, மெதுவான குரலில் என்னிடம் அந்த அறிக்கையைப் பற்றிக் கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"இங்கிலீஷ்ல இருந்துச்சும்மா. எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது."

"சரிண்ணா. கையெழுத்து வாங்கும்போது உங்களுக்குத் தமிழ்ல யாரும் சொல்லலியா?"

நான் மடியிலிருந்த நோட்டை மூடி வைத்தேன். சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வரிக்கு வரி தமிழில் சொல்லி, "நீ கழட்டுனன்னு எழுதினா உன் லீடர் போஸ்ட் போயிடும், பாத்துக்க" என்றும் சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தார். எல்லாம் தெரிந்துதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

பேருந்து புதுவாயல் வரும்வரை செல்வமேரி மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினார். பிறகு, "எட்டு மாசமா சொல்லித் தர்றேன் அண்ணா. இனிமே அந்தச் சாக்கு உங்களுக்குச் செல்லாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. என் மனைவியிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை. அவளிடம் முதலில் சொன்னேன். "லீடர் வேல போனா போவுது. அந்தாளு மூஞ்சிய நீ எத்தினி வருசம் பாக்காம ஒளிஞ்சிக்கினு இருப்ப?" என்றாள். பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். தமிழில் எழுதியிருக்கலாம். இங்கிலீஷில் பொய் சொன்ன கையெழுத்தை இங்கிலீஷிலேயே திருத்த வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

முதல் முறை எழுதியதைச் செல்வமேரியிடம் கொடுத்தேன். கார்டு தானாகவே கழன்றுவிட்டது என்று அதில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியாண்ணா? கார்டு தானா எழுந்து போயி, ஸ்பேனர எடுத்துக்கினு வந்து, தன்னத்தானே கழட்டிக்கிச்சா?" அவர் கேட்ட விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் முறை, கார்டு கழற்றப்பட்டது என்று எழுதினேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. மற்ற பிழைகளையெல்லாம் பென்சிலால் திருத்தியிருந்தார். அந்த வரியை மட்டும் தொடவில்லை. ஓரத்தில், அவர் பெருமைப்படும் அந்த அழகான கையெழுத்தில், தமிழில், 'யார்?' என்று எழுதியிருந்தார்.

மூன்றாம் முறை அவரிடம் காட்டவில்லை. "ஐ ரிமூவ்ட் த கார்ட் மைசெல்ஃப்" என்று எழுதி, நேராக நிர்வாக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசாரணை வைத்தார்கள். லைன் லீடர் வேலை போயிற்று. சரக்கு ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள், இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். தனசேகரன் கோப்பிலிருந்து எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த பட்டியலில் அவன் வேலை நிரந்தரமானது. அது என் கடிதத்தால் நடந்ததா, எப்படியும் நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. போன விரல் வராது என்பது எனக்கும் தெரியும்.

கடிதம் கொடுத்த பிறகும் தனசேகரன் பேசவில்லை. மூன்று வாரம் போயிற்று. நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதை மறைப்பானேன். செல்வமேரியிடம் போய், எல்லாம் செய்தும் அவன் பேசமாட்டேன் என்கிறானே என்று புலம்பினேன். "நீங்க எழுதினது உங்களுக்காகண்ணா. அவரு பேசுறது அவரு இஷ்டம். அதுக்கும் ரசீது கேப்பீங்களா?" என்றார். சுருக்கென்று இருந்தது. அவர் மீது இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

பிறகு ஒரு காலை, தாமரைப்பாக்கத்தில் ஏறிய தனசேகரன் முன் சீட்டைத் தாண்டிப் பின்னால் வந்தான். அன்று வகுப்பு இல்லாத சனிக்கிழமை, ஜோடியும் கிடையாது. என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி, "நாஷ்டா துன்னியா?" என்றான். இல்லை என்றேன். பையைத் திறந்து இட்லிப் பொட்டலத்தை நீட்டினான். பெரியபாளையத்தில் செல்வமேரி ஏறினார். எங்களைப் பார்த்தார். வழக்கமாக எல்லோரிடமும் ஏதாவது கிண்டல் செய்பவர், அன்று நேராகக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆன பிறகு செல்வமேரி வேலையை விட்டுவிட்டார். போன மாதம் நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போனோம். மிகவும் இளைத்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. கிளம்பும்போது என்ன சொல்வதென்று தெரியாமல், "டேக் கேர் ஆஃப் யுவர்செல்ஃப்" என்றேன். சிரித்தார்.

"வர்றவங்க எல்லாம் இதையே சொல்லிட்டுப் போறாங்கண்ணா. என்னையே நான் பாத்துக்க முடிஞ்சா இப்படி ஏன் படுத்துக்கினு இருக்கேன்? ராத்திரி பகலா அவருதான் பாத்துக்கறாரு" என்று கணவரைக் காட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு செல்வமேரி எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்க. அதுதான் பாடமே" என்றார். அவர் எங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

அவரை அறிந்தவர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் நினைவாக ஏதாவது ஒன்று இருக்கும். சிலரிடம் நோட்டு இருக்கும். இங்கிலீஷ் பேசி வேறு நல்ல வேலைக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். நான் இங்கிலீஷில் இன்றும் சுமார்தான். என்னிடம் அந்த இரண்டாவது தாள் இருக்கிறது. அடையாள அட்டை உறைக்குள் நான்காக மடித்து வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. ஆனாலும் 'யார்?' என்பதைப் படிக்க முடிகிறது. வேலையில் ஏதாவது தவறு நடந்து, வாய் வேறு யார் பெயரையாவது தேடும்போது, கை அந்த உறைக்குப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது மகள் வாசலில் நின்றிருந்தாள். கல்லூரியில் படிக்கும் பெண். அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்க்க அடிக்கடி வந்து போன தனசேகரனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது; போன மாதம் நான் போயிருந்தபோது அவள் கல்லூரியில் இருந்தாள். என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க..." என்று இழுத்தாள். நான் மூர்த்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன். தனசேகரன் அந்த இடது கையை என் தோளில் வைத்து என்னை நிறுத்தினான். அவள் அம்மாவின் வகுப்பில் யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில்லை அல்லவா.

"இவரு மூர்த்திம்மா. எங்க பஸ்ஸு, என் பக்கத்து சீட்டு. இவர எனக்கு நல்லாத் தெரியும்" என்றான்.